கொல்லிமலையில் ஒரு சொட்டு!

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் வழி கேட்க வேண்டியதே இல்லை. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றுக்கும் 1/70, 2/70 என்று நம்பர் போட்டு போர்டு வைத்திருக்கிறார்கள். ஆபீஸில் ஃபைல் நகர்வதைவிடக் கொஞ்சம் வேகமாக அந்த நம்பர் நகரும்!

ஏற ஏற நமக்குத்தான் ஜிலுஜிலு. வண்டிக்கு இல்லை. ஒன்றாவது, இரண்டாவது கியரிலேயே முக்கிக்கொண்டு போவதால் ரேடியேட்டருக்குப் போதுமான காற்று கிடைக்காது. அதில் கூலன்ட்டும் குறைந்தால் தீர்ந்தது கதை.

31-வது வளைவில் டெம்பரேச்சர் விளக்கு சிவப்பாகக் கண்ணடித்தது. இன்ஜினை அணைத்தேன். தித்திப்பாக ஒரு வாசனை. அடியில், பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால், பச்சையாகச் சொட்டு.

ஆபீஸில் பக்கத்து ஸீட், பைக்கில் பின் ஸீட் நண்பன், "மூடியைத் திறந்து தண்ணிய ஊத்திரலாம்டா" என்று ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனான். பிடித்து இழுத்தேன். சூடாக இருக்கும்போது திறந்தால் உள்ளே அடைபட்டிருக்கும் அழுத்தம் கொதிநீரை முகத்தில் பீய்ச்சியடித்துவிடும். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அதற்குள் குரங்குகள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டன. கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம். மண்ணை அள்ளிப் போட்டு மூடினோம்.

வண்டி ஆறியதும் விசாரணை. முதலில் ஆயில் கண்ணாடி. உள்ளே பால் கலந்த காபி மாதிரி தெரிந்தால் கூலன்ட் ஆயிலோடு கலந்துவிட்டது என்று அர்த்தம். பெரிய செலவு, வண்டியை லாரியில்தான் இறக்க வேண்டும். நல்லவேளை, ஆயில் சுத்தம். அடுத்து வாட்டர் பம்ப்புக்குக் கீழே ஒரு குட்டி ஓட்டை. அதில் கூலன்ட் சொட்டினால் உள்ளே ஸீல் போச்சு. அதுவும் காய்ந்து கிடந்தது.

"அப்போ எங்கேருந்துதான்டா சொட்டுது?"

"உன் பவுடர் டப்பாவை எடு!"

"இந்தக் காட்டுல யாருக்குடா மேக்கப்?"

ஈரத்தையெல்லாம் துடைத்துவிட்டு ரேடியேட்டர், ஹோஸ், பம்ப் எல்லாவற்றுக்கும் பவுடர் பூசினேன். ரேடியேட்டரில் எங்கள் குடிதண்ணீரை ஊற்றி, மூடியை இறுக்கி, ஃபேன் சுற்றும்வரை இன்ஜினை ஓடவிட்டேன். வெள்ளையில் ஒரு ஈரக்கோடு இறங்கியது. ரேடியேட்டரின் கீழ் ஹோஸைப் பிடித்திருந்த கிளிப் லூஸ்! ஓடும்போது காற்று அந்த ஈரத்தைப் பின்னால் தள்ளி, இன்ஜினின் அடிவயிற்றில் கொண்டுபோய் விட்டிருக்கிறது.

ஸ்க்ரூடிரைவரால் இரண்டு திருகு. மறுபடி துடைத்து, பத்து நிமிஷம் ஓடவிட்டுப் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை. மிச்சம் 39 வளைவுகளையும் விளக்கில் ஒரு கண் வைத்தபடி மெதுவாக ஏறினோம். வெறும் தண்ணீர் அவசரத்துக்குத்தான்; ஊர் திரும்பியதும் முறையான கூலன்ட் மாற்றியாகிவிட்டது.

செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய் நின்றதாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். நண்பனிடம் சொன்னேன்: "உடும்பைப் பார்த்துட்டு நிக்கக் கூடாதுடா, வில்லு எங்கேன்னு பார்க்கணும்!"