வெள்ளைச்சி

சிலப்பதிகாரத்துக் கனாத்திறம் உரைத்த காதையைக் கற்பிக்குந்தோறும் எனது இளமைக் கனவொன்று நெஞ்சில் எழும். அதனை இம்மலரிலே பதித்துவைக்க விழைகின்றேன்.

எங்கள் வீட்டில் வெள்ளைச்சி என்றொரு பசு நின்றது. பள்ளி விட்டதும் அதற்குப் பனையோலை கிழித்துப் போடுவதும், பட்டிப்பொங்கலன்று நெற்றியிற் பொட்டிடுவதும் என் பணிகள். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாளிரவு வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, "தம்பி, மாட்டை அவிட்டுவிடு" என்றார் அப்பு. அவிழ்த்துவிட்டால் மீளும்போது வெள்ளைச்சி இராதே என்று அஞ்சிய நான், அவிழ்க்காமலே "அவிட்டிட்டன்" என்றேன்.

மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோம். கைதடியிலே கண்ணயர்ந்த முதலிரவே அக்கனவு வந்தது. வெள்ளைச்சி கொட்டிலில் நிற்கின்றது. வாளி வறண்டு கிடக்கின்றது. அது கதறவில்லை, என்னையே பார்க்கின்றது. நான் முடிச்சை அவிழ்க்க அவிழ்க்க, அது மேலும் இறுகுகின்றது. ஆறு திங்களாக அக்கனவு என்னை விடவில்லை. அப்புவிடம் உண்மையுரைக்கவும் நா எழவில்லை.

1996 சித்திரையில் மீண்டோம். கொட்டிலில் வெள்ளைச்சி இல்லை. கட்டையிலே கயிற்றுத் துண்டு தொங்கியது. அது கத்தியால் வெட்டப்பட்டிருந்தது. அப்பு அதனைப் பார்த்தார். பின் என்னைப் பார்த்தார். "ஆரோ ஒரு புண்ணியவான்" என்று மட்டும் சொல்லி, கயிற்றை மடித்து இறப்பிற் செருகினார். வெட்டியவன் புண்ணியவானோ அல்லனோ, இன்றளவும் யானறியேன்.

பொய்யுரைத்த மாணவன் என்முன் தலைகுனிந்து நிற்கும்போதெல்லாம் அப்புவின் அந்தப் பார்வை நினைவுக்கு வருகின்றது. என் சினமும் தணிகின்றது.