பெர்மிஷன் டினைட்

2005-ல் வாங்கிய எங்கள் கணினியில்தான் என் மனைவி வீட்டு வரவு செலவு எழுதுவாள். யூனிகோட் பரவாத காலத்துத் தமிழ் மென்பொருள். வேறு கணினியில் திறந்தால் கோணல்மாணலாகக் குறிகள்தான் தெரியும். அவள் போய் மூன்று வருடம். போன வருடம் கணினியும் போய்விட்டது.

பொங்கலுக்குப் படாளம் வந்த மகன், அதன் ஹார்ட் டிஸ்க் முழுவதையும் 40 ஜிபி கொண்ட ஒரே கோப்பாக மாற்றினான். லினக்ஸ் கெர்னலில் 2007 முதல் கேவிஎம் என்று ஒரு வசதி இருக்கிறது. கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை ஓட்டலாம். தன் மடிக்கணினியில் ஓட்டிக் காட்டினான். கோப்பை என் உபுண்டு கணினியில் போட்டுவிட்டுக் கோவைக்குக் கிளம்பிவிட்டான்.

என் கணினியில் அது ஓடவில்லை. ‘பெர்மிஷன் டினைட்’ என்றது. கோப்புக்கு 777 போட்டு எல்லா உரிமையும் கொடுத்தேன். அப்போதும் அதே பதில். இந்தக் கோப்புகளுக்கென்று லினக்ஸ் வைத்திருக்கும் ஃபோல்டருக்கு மாற்றலாம் என்றால், அந்தப் பகுதியில் 12 ஜிபிதான் காலி. மகனுக்குப் போன் போட்டேன்.

“ஃபைல் உங்க ஹோம் ஃபோல்டர்லதானே இருக்கு? அதாம்பா விஷயம். உள்ள ஓடற கணினி உங்க பேர்ல ஓடலை. லிப்விர்ட்-கியூஎம்யூன்னு தனி யூசர் பேர்ல ஓடுது. அதால உங்க ஃபோல்டரைத் தாண்டி வர முடியாது.”

உபுண்டு 21.04-லிருந்து புதிதாக உருவாகும் ஹோம் ஃபோல்டரை மற்ற யூசர்களுக்கு மூடியே வைக்கிறார்களாம். படாளத்துக்காரனுக்கு இது புரியாதா? கையில் வெட்டு உத்தரவு இருந்தாலும், சர்க்கரை ஆலை கேட் திறந்தால்தானே கரும்பு வண்டி எடை மேடைக்குப் போகும்?

“அப்போ ஹோம் ஃபோல்டருக்கும் 777 போட்டுடட்டுமா?”

“ஐயோ, வேணாம்பா! பேங்க் பேப்பரெல்லாம் அதுலதானே வெச்சிருக்கீங்க? அந்த ஒரு யூசருக்கு மட்டும், கடந்து போக மட்டும் வழி விட்டாப் போதும்.”

செட்எஃப்ஏசிஎல் என்ற கட்டளையில் ஒரே வரி. அந்த யூசருக்கு ‘எக்ஸ்’ உரிமை மட்டும் கொடுத்தேன். ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது என்று அதனால் பட்டியல் பார்க்க முடியாது; கடந்து போகலாம், அவ்வளவுதான். கோப்புக்குப் போட்ட 777-ஐயும் எடுத்துவிட்டேன். பழைய எக்ஸ்பி திரை வந்தது.

என் வயதுக்காரர்களுக்கு இன்னொரு விஷயம். டிஸ்க் நிரம்பிவிட்டால் உள்ளே ஓடும் கணினி பெரும்பாலும் ‘பாஸ்’ ஆகி அப்படியே நின்றுவிடும். பதறி அணைத்துவிடாதீர்கள். வேண்டாததை அழித்து இடம் பண்ணிவிட்டு ‘ரெஸ்யூம்’ கொடுங்கள். விட்ட இடத்திலிருந்து ஓடும்.

கணக்கைத் திறந்தேன். பால், மளிகை, கரண்ட் பில். 2008 ஆடி மாதத்தில் ஒரு வரி: ‘நாத்தனாருக்கு 500. அவரிடம் சொல்லவில்லை.’ அடுத்த மாதமும் அதே வரி. அதற்கடுத்த மாதமும். என் தங்கையோடு நான் பேசாமல் இருந்த காலம் அது.

என்னிடம் பெர்மிஷன் கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். அது அவளுக்குத் தெரியும்.

இப்போது அந்தக் கோப்பு இரண்டு பென்டிரைவில் இருக்கிறது. ஒன்று தங்கை வீட்டில்.