ரிச்சி தெருவின் அசெம்பிளி மேசை: குறைந்த செலவு விளையாட்டுக் கணினியும் அதை உருவாக்குவோரும்

சென்னை அண்ணா சாலையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் பிரியும் சந்துகளில் ரிச்சி தெரு என்ற ஒற்றைப் பெயரால் வழங்கும் மின்னணுச் சந்தை, உண்மையில் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, முகமது உசேன் சாகிப் தெரு எனப் பக்கத்துத் தெருக்களையும் சேர்த்துக்கொண்டு பரந்து கிடக்கிறது. வானொலிப் பெட்டியின் உதிரிப் பாகங்களை விற்ற கடைகளிலிருந்து வளர்ந்து, தொலைக்காட்சி, கணினி, கைப்பேசி என ஒவ்வொரு தலைமுறைக் கருவியையும் தனக்குள் இழுத்துக்கொண்ட இச்சந்தையில், கூர்ந்து கவனிக்கத்தக்க கைத்தொழிலாக இன்று நிற்பது ‘அசெம்பிளி’. வெவ்வேறு நிறுவனங்கள் செய்த உறுப்புகளைத் தேர்ந்து, ஒன்றோடொன்று பொருந்துமா என்று பார்த்து, வாங்குபவரின் கைப்பணத்துக்கும் தேவைக்கும் ஏற்ற முழுக் கணினியாகப் பூட்டித் தருவதே அது. அதிலும் வீட்டுப் பிள்ளைகளுக்காகக் குறைந்த செலவில் செய்யப்படும் விளையாட்டுக் கணினியே இத்தொழிலாளரின் தேர்ச்சியை மிகக் கடுமையாகச் சோதிக்கிறது. இரண்டு லட்ச ரூபாய்க்குச் செய்யும்போது ஒரு தவறான தேர்வைப் பணம் மூடிவிடும், 50,000 ரூபாய்க்குச் செய்யும்போது மூடாது.

வேலை இரண்டு இடங்களில் நடக்கிறது. கீழே கல்லாப்பெட்டியை ஒட்டிய மேசையில் உறுப்புகளின் பெயரும் விலையும் அடங்கிய ‘கொட்டேஷன்’ எழுதப்படுகிறது. குறுகிய படியேறிச் செல்லும் மாடியறையில், திருப்புளியும் தெர்மல் பேஸ்ட்டும் சோதனை மானிட்டரும் கிடக்கும் பலகையில், அது உருப்பெறுகிறது. கீழ்மேசையில் கேட்கப்படும் முதல் கேள்வியே தொழிலறிந்தவரையும் வெறும் விற்பனையாளரையும் பிரித்துக் காட்டுகிறது. மகனோடு வந்திருக்கும் தந்தை பெரும்பாலும் “ஐ7 போட்டா எவ்வளவு ஆகும்?” என்றே தொடங்குகிறார், அனுபவமுள்ள ஊழியர் அதற்கு விலை சொல்லாமல், “தம்பி, என்ன கேம் ஆடுவீங்க? மானிட்டர் இருக்கா, அதுவும் வாங்கணுமா?” என்று பையனைக் கேட்கிறார். கணினியின் உறுப்புகளைத் திரையிலிருந்து பின்னோக்கித் தேர்வதே இக்கைத்தொழிலின் அடிப்படை முறை என்பதை அந்தக் கேள்வி உணர்த்துகிறது.

அம்முறைக்குத் தெளிவான காரணம் உண்டு. 1920 × 1080 அளவுள்ள திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் படப்புள்ளிகள் இருக்கின்றன. 2560 × 1440 அளவுத் திரையில் அவை ஏறத்தாழ 36.9 லட்சமாகின்றன, இப்புள்ளிகள் அனைத்தையும் ஒவ்வொரு சட்டகத்துக்கும் (ஃபிரேம்) புதிதாகக் கணக்கிட்டு வரைவது கிராஃபிக்ஸ் கார்டின் வேலை என்பதால், திரையின் புள்ளிகள் கூடும்போது கார்டின் சுமையும் கூடுகிறது. திரை ஒரு நொடிக்கு எத்தனை முறை தன்னைப் புதுப்பிக்கிறது என்பதைக் குறிக்கும் ஹெர்ட்ஸ் எண்ணும் இதே கணக்கில் சேர்கிறது. 60 ஹெர்ட்ஸ் திரைக்கு ஒரு சட்டகத்தை 16.7 மில்லி நொடிக்குள் முடித்தால் போதும், 144 ஹெர்ட்ஸ் திரைக்கு அதே வேலை 7 மில்லி நொடிக்குள் முடிந்தாக வேண்டும். வாலரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகள் வேகத்தைக் கேட்கின்றன, அவற்றில் கார்டைவிடப் ப்ராசஸரே பெரும்பாலும் எல்லை வகுக்கிறது. திறந்த உலகில் கதை சொல்லும் பெரிய விளையாட்டுகளோ கார்டையும் அதன் நினைவகத்தையும் கேட்கின்றன. இந்த இரண்டில் பையன் எந்தப் பக்கம் என்று தெரியாமல் எழுதப்படும் கொட்டேஷன் வெறும் விலைப்பட்டியல்தான்.

மானிட்டர் நீங்கலாக, பெட்டிக்கான தொகையில் மூன்றிலொரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்குவது இம்மேசைகளில் பழகிப்போன அளவு. 2021 அக்டோபரில் வெளிவந்த ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஆர்.எக்ஸ். 6600 கார்டு, 8 ஜிபி நினைவகமும் 132 வாட் மின்தேவையும் கொண்டு, சாதாரணத் திரைக்கு நெடுங்காலம் நடுநிலையான தேர்வாக நின்றது; 2021 தொடக்கத்தில் வந்த என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 3060 12 ஜிபி நினைவகத்தையும் 170 வாட் தேவையையும் கொண்டது. விலை குறைவு என்பதற்காகக் கேட்கப்படும் ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. கார்டைப் பற்றி மேசையில் தரப்படும் எச்சரிக்கை, தொழிலறிவு எவ்வளவு நுணுக்கமானது என்பதற்குச் சான்று. அக்கார்டு மதர்போர்டோடு பேசுவதற்கு நான்கு தடங்களை மட்டுமே பயன்படுத்துகிறது, அதன் நினைவகமும் 4 ஜிபி மட்டுமே. பழைய மூன்றாம் தலைமுறைப் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் இணைப்பு கொண்ட போர்டில் அதைச் செருகினால் தடங்களின் வேகம் பாதியாகி, நினைவகம் நிரம்பிய நொடியில் ஆட்டம் திக்கத் தொடங்கும். பெட்டியின் மேல் அச்சிட்ட எண்களில் இது தெரிவதில்லை.

ப்ராசஸரில் ஆறு கருக்கள் இருந்தால் இவ்வகைக் கணினிக்குப் போதும் என்பதே பரவலான கருத்து, அது சரியானதும்கூட. ரைசன் 5 5600, கோர் ஐ5-12400எஃப் ஆகிய இரண்டும் 2022இல் வந்தவை. இரண்டிலும் ஆறு கருக்களும் பன்னிரண்டு இழைகளும் உண்டு. பின்னதில் உள்ள ‘எஃப்’ எழுத்து, ப்ராசஸருக்குள் படம் காட்டும் பகுதி செயல்படாது, தனிக் கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது என்பதைக் குறிக்கிறது. இதை வாங்குபவருக்கு முன்கூட்டியே விளக்காத கடைக்கு அவர் மறுநாளே கோபத்தோடு திரும்பி வருவார். கார்டு வாங்கவே பணம் போதாத மாணவருக்கு நேர்மாறான வழி ஒன்று இருக்கிறது: ரைசன் 5 5600ஜி போன்ற, உள்ளேயே ஓரளவு நல்ல கிராஃபிக்ஸ் பகுதியுள்ள ப்ராசஸரை இப்போது வாங்கி, எளிய விளையாட்டுகளை அதில் ஆடி, பணம் சேர்ந்தபின் கார்டைச் சேர்த்துக்கொள்வது. இந்த வழியைத் தாமாகவே எடுத்துச் சொல்லும் ஊழியர் தம் கடையின் அன்றைய விற்பனைத் தொகையைக் குறைத்துக்கொள்கிறார் என்பதைக் குறிப்பிட்டே ஆகவேண்டும்.

ப்ராசஸர் அமரும் சாக்கெட்டின் ஆயுளும் தேர்வில் எடைபோடப்படுகிறது. 2016இல் தொடங்கிய ஏ.எம்.4 சாக்கெட் டி.டி.ஆர்.4 ராமோடு மலிவாக முடிகிறது, ஆனால் அதன் பாதை ஏறக்குறைய நிறைவடைந்துவிட்டது. 2022இல் வந்த ஏ.எம்.5 டி.டி.ஆர்.5 ராமை மட்டுமே ஏற்கிறது, விலை கூடுதல், பின்னால் ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ள இடம் உண்டு. ராமைப் பொறுத்தவரை 16 ஜிபி ஒற்றைக் குச்சியைவிட 8 ஜிபி குச்சிகள் இரண்டு மேல், ஏனெனில் இரண்டும் சேர்ந்து ப்ராசஸருக்குத் தரவை இரு வழிகளில் ஒரே நேரத்தில் தருகின்றன. உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கொண்ட ப்ராசஸரில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். 2025இன் இறுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் ராம் விலை உலகெங்கும் ஏறியதும், மைக்ரான் நிறுவனம் தன் க்ரூஷியல் பெயரிலான நுகர்வோர் விற்பனையிலிருந்து விலகுவதாக அறிவித்ததும், பழகிய விகிதங்களையே கலைத்துப்போட்டன. அதற்கு முன் அதிகம் யோசிக்காமல் எழுதப்பட்ட ஓர் உறுப்பு, கொட்டேஷனில் திடீரென்று பேரம் பேசவேண்டிய வரியாயிற்று.

எல்லாவற்றிலும் அதிகமாகப் புறக்கணிக்கப்படுவதும், தொழிலாளர் விடாப்பிடியாக வலியுறுத்துவதும் எஸ்.எம்.பி.எஸ்.தான். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டங்களாக மாற்றித் தரும் இந்தப் பெட்டி, விளையாட்டின் வேகத்தை ஒரு சட்டகம்கூடக் கூட்டுவதில்லை. ஆகவே வாங்குபவர் பணத்தைக் குறைக்க முதலில் கைவைப்பது இங்கேதான். சந்தையில் ‘450’ என்ற எண்ணைத் தாங்கிய மலிவுப் பெட்டிகள் உண்டு. ஊழியர் ஒருவர் அத்தகைய பெட்டியைப் புரட்டி, பக்கத்து ஒட்டுத்தாளில் 12 வோல்ட் வரிசைக்கு எதிரே அச்சிட்ட ஆம்பியர் எண்ணைக் காட்டுகிறார்: 18 ஆம்பியர். 12ஆல் பெருக்கினால் 216 வாட். ப்ராசஸரும் கார்டும் உண்பது இந்த 12 வோல்ட் வரிசையிலிருந்துதான் என்பதால், பெட்டியின் முகப்பில் உள்ள எண்ணுக்குப் பொருளில்லாமல் போகிறது. நேர்மையான 450 வாட் பெட்டியில் அதே வரிசை ஏறத்தாழ 36 ஆம்பியர் தரும். ரைசன் 5 5600 உச்சத்தில் 76 வாட், ஆர்.எக்ஸ். 6600 132 வாட், போர்டு, விசிறி, எஸ்.எஸ்.டி. அனைத்துக்குமாக 50, 60 வாட் எனக் கூட்டினால் 270 வாட்டுக்குள் அடங்கும் இக்கணினிக்கு, தரமான 500 அல்லது 550 வாட் பெட்டி தாராளம். பொய்யெண் கொண்ட பெட்டியோ கடும் சுமையில் அணைந்துபோகும், அல்லது பாதுகாப்புச் சுற்று இல்லாமையால் போர்டையும் கார்டையும் சேர்த்து எரித்துவிடும். மின்சாரம் போய்ப்போய் வரும் ஊர்களுக்குச் செல்லும் கணினியென்றால் இந்த அறிவுரை இன்னும் அழுத்தமாகவே சொல்லப்பட வேண்டும். வீடுகளில் வழக்கமாக வைக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். ஏறத்தாழ 360 வாட்தான் தாங்கும் என்பதால், கார்டைத் தேரும்போதே அதையும் மனத்தில் கொள்ளும் ஊழியர்கள் இருக்கிறார்கள்.

பழைய கார்டுகளின் சந்தை தனி உலகம். 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் மறைநாணயம், கார்டுகளின் கணிப்புத் திறனால் நாணயம் ஈட்டும் சுரங்க முறையைக் கைவிட்ட பின், இரவுபகலாகச் சுரங்கத்தில் உழைத்த கார்டுகள் பெருவாரியாக விற்பனைக்கு வந்தன. அவை அனைத்தும் கெட்டவை அல்ல, ஆனால் விசிறியும் வெப்பப் பட்டையும் தேய்ந்திருக்கக்கூடும். இதைவிட அதிகம் ஏமாற்றுவது பெயர் மயக்கம். ஆர்.எக்ஸ். 580 என்று விற்கப்படுவனவற்றில் சில, 2304 கணிப்பு அலகுகளுக்குப் பதில் 2048 மட்டுமே கொண்ட, முதலில் சீனச் சந்தைக்கென வந்த வகை. இன்னும் சில, பழைய மலிவுக் கார்டின் பயாஸ் மென்பொருளை மாற்றி எழுதி, புதிய கார்டின் பெயரைத் திரையில் காட்டுபவை. எட்டுக் கருக்கள் என்ற ஆசை வார்த்தையோடு வரும் பழைய ஸியான் சர்வர் ப்ராசஸர்களில் ஒவ்வொரு கருவும் மெதுவானது. அவை அமரும் போர்டுகளில் டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லு பெரும்பாலும் இல்லாமையால், விண்டோஸ் 11இல் வாலரன்ட் அவற்றில் ஓடாது. ஆகவே பழைய கார்டைக் கையிலெடுக்கும் நல்ல ஊழியர் முதலில் ஜிபியு-இசட் கருவியில் அலகு எண்ணிக்கையைப் பார்க்கிறார், பிறகு கார்டுக்குக் கடும் சுமை தரும் ஃபர்மார்க் சோதனையை ஓடவிட்டு வெப்பத்தையும் விசிறியின் ஓசையையும் கவனிக்கிறார்.

மாடியறைப் பலகையில் போர்டு முதலில் அதன் சொந்த அட்டைப்பெட்டியின் மேலேயே கிடத்தப்படுகிறது. ப்ராசஸரின் மூலையிலுள்ள முக்கோணக் குறி சாக்கெட்டின் குறியோடு ஒன்றுமாறு விரல் அழுத்தமின்றி இறக்கப்படுகிறது, ஏ.எம்.4 வகையில் ஊசிகள் ப்ராசஸரிலேயே இருப்பதால், வளைந்த ஊசி ஒன்று முழு விலையையும் விழுங்கிவிடும். ராம் குச்சிகள் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களுக்குப் போகின்றன. கேபினட்டுக்குள் போவதற்கு முன்பே ஒருமுறை மின்சாரம் கொடுத்துத் திரை வருகிறதா என்று பார்ப்பது, பின்னால் எல்லாவற்றையும் கழற்றும் வேலையை மிச்சப்படுத்துகிறது. முன்பலகையின் பொத்தான்களுக்கான நூல்போன்ற கம்பிகளைச் செருகும் கைகள், போர்டின் கையேட்டைப் பார்ப்பதே இல்லை. விசிறிகள் முன்புறம் காற்றை இழுத்துப் பின்புறம் தள்ளுமாறு பூட்டப்படுகின்றன. சென்னைக் கோடையில் அறையே 35 பாகையில் இருக்கும்போது, முகப்பை முழுக் கண்ணாடியால் அடைத்த அழகிய கேபினட்டைவிட வலைமுகப்புள்ள எளிய கேபினட்டே கார்டுக்கு நல்லது என்று சொல்லிப் பார்க்கிறார்கள். வண்ணவிளக்கை விரும்பும் பையன் அதைக் கேட்பதில்லை.

இவ்வளவு அறிவுக்கும் பில்லில் ஒரு வரிகூட இல்லை. உறுப்புகளின் விலையும் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் எழுதப்படுகின்றன, எது வேண்டாம் என்று தடுத்ததற்கு விலையில்லை. கொட்டேஷனைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு, உறுப்புகளை இணையத்தில் வாங்கி, பூட்டுவதற்கு மட்டும் திரும்பி வரும் வாடிக்கையாளர்கள் பெருகியிருக்கிறார்கள்; அவர்களுக்கும் அதே பொறுமையோடு வேலை நடக்கிறது, சிறு கூலிக்கு. அந்தப் பொறுமைக்கு உரிய மதிப்பைச் சந்தை தரவில்லை என்பது வருந்தத்தக்கது. விலை ஒப்பீட்டை யாரும் செய்யலாம், பொருத்தத்தைத் தீர்மானிக்கப் பல நூறு கணினிகளைத் திறந்து மூடிய கை வேண்டும்.

பெட்டியை ஒப்படைக்கும் முன் சில வேலைகள் மிஞ்சுகின்றன. ராமின் அச்சிட்ட வேகத்தைப் பயாஸில் எக்ஸ்.எம்.பி. அமைப்பின் வழி இயக்காவிட்டால் அது குறைந்த வேகத்திலேயே ஓடும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை விண்டோஸ் அமைப்பில் மாற்றாவிட்டால் அது 60இலேயே நின்றுவிடக்கூடும். மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகாமல் போர்டில் செருகிவிட்டு, கார்டு வேலை செய்யவில்லை என்று தொலைபேசியில் அழைப்போர் ஏராளம் என்பதால், அந்த இடத்தை விரல் வைத்துக் காட்டிவிடுகிறார்கள். ஒவ்வோர் உறுப்பின் வரிசை எண்ணும் பில்லில் ஏறுகிறது, ஏனெனில் ப்ராசஸருக்கு மூன்றாண்டு, எஸ்.எஸ்.டி.க்கு மூன்று முதல் ஐந்தாண்டு என வாரன்டி தனித்தனியாக ஓடுகிறது. காலி அட்டைப்பெட்டிகளை எறியாமல் பரண்மேல் வைக்கச் சொல்லி, “கார்டு மாத்தணும்னா அப்போ வாங்க தம்பி, எஸ்.எம்.பி.எஸ். அப்படியே போதும்” என்று ஊழியர் பையனிடம் சொல்ல, தந்தை ஆட்டோ பிடிக்க இறங்குகிறார்.