கம்பத்தில் ஒரு கணக்கு!

தேனி பஸ் ஸ்டாண்டில் கம்பம் பஸ் ஏறி ஜன்னல் சீட் கிடைச்சா, அன்னிக்கு நீங்கதான் ராஜா. வீரபாண்டியில் முல்லையாறு எட்டிப் பார்க்கும். சின்னமனூர் பக்கம் வாழை, உத்தமபாளையம் தாண்டினா பந்தல் பந்தலா திராட்சை. மேற்கே மலை கூடவே ஓடி வரும். சுமார் 40 கிலோமீட்டர். காது மட்டும் ஸ்ட்ராங்கா இருக்கணும். டிரைவர் அண்ணன் ஸ்பீக்கரை முழுசா திறந்து விட்டிருப்பார்!

நான் போனது ஊர் சுத்திப் பார்க்க இல்லை பாஸ். நண்பனுக்கு பேங்க் அக்கவுன்ட் ஓப்பன் பண்ண.

நண்பன் ஜார்க்கண்ட்காரன். வயசு 22. மலைக்கு மேலே வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை, லயத்தில் தங்கல். சாமான் வாங்க கம்பத்துக்கு ஜீப்பில் இறங்குவான். போன மாசம் டீக்கடையில் பழக்கமாச்சு. அவனுக்குத் தெரிஞ்ச தமிழும் எனக்குத் தெரிஞ்ச இந்தியும் சேர்ந்தா ஒரு பாஷை தேறும். சொந்த ஊர் ஜார்க்கண்ட், சம்பளம் கேரளாவில், செலவு தமிழ்நாட்டில். இதில் எந்த அட்ரஸை பேங்கில் சொல்றது?

அதைவிடப் பெரிய சிக்கல், ரயிலில் பை திருட்டுப் போயிடுச்சு. ஆதாரும் போச்சு, அதோட இணைச்ச செல்போனும் போச்சு. சம்பளத்தை, வேலைக்குக் கூட்டிட்டு வந்த ஆள்கிட்டயே கொடுத்து வச்சிருக்கான். ஒருநாள் அந்த ஆளைக் காணோம். ஆறு வாரக் காசு. "அம்மாவுக்கு என்னண்ணே சொல்றது?"ன்னு கேட்டான். என்கிட்ட பதில் இல்லை.

நானும் பட்டவன்தான். நாகப்பட்டினத்தில் இருந்து தேனிக்குப் படிக்க வந்த புதுசு. ஸ்காலர்ஷிப்புக்கு அக்கவுன்ட் கேட்டாங்க. ஹாஸ்டல் பக்கத்து பேங்கில் என் ஆதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "அட்ரஸ் நாகப்பட்டினமா? அங்கேயே போய் ஓப்பன் பண்ணுப்பா"ன்னுட்டாங்க. நானும் சமர்த்தா ராத்திரி பஸ் ஏறினேன். ஆதாரை வச்சு கணக்கு தொடங்கும்போது, இப்போ இருக்கிற அட்ரஸ் வேறன்னா நாமே உறுதிமொழி எழுதிக் கொடுத்தா போதும்னு ரிசர்வ் வங்கி விதியே இருக்காம். ரெண்டு வருஷம் கழிச்சுத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்! ஹாஸ்டலில் இருக்கிற நீங்களாவது கேட்டு வாங்கிக்கோங்க.

கம்பத்தில் நாங்க போன பேங்கில் கவுன்ட்டரில் ஒரு மேடம். "ஆதார் இல்லையா? ஸ்மால் அக்கவுன்ட் போடலாமே!"ன்னாங்க, ஏதோ டீ சாப்பிடலாமேங்கிற மாதிரி. கையெழுத்துப் போட்ட போட்டோ ஒண்ணு. அப்புறம் அதிகாரி முன்னாடி கையெழுத்து, இல்லைன்னா கைரேகை. அவ்வளவுதான்! ஆனா கட்டுப்பாடு உண்டு. கணக்கில் எப்பவும் 50,000 ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது, மாசம் 10,000-க்கு மேல் எடுக்க முடியாது, வருஷத்துக்கு மொத்தம் ஒரு லட்சம்தான் போடலாம். 12 மாசம் ஓடும். அதுக்குள்ள ஆதார் மாதிரி ஒரு ஆவணத்துக்கு விண்ணப்பிச்ச அத்தாட்சி காட்டினா இன்னும் 12 மாசம்.

மாசம் ஒன்பதாயிரம் சம்பளம் விழுந்தாலே வருஷத்தில் லட்சத்தைத் தாண்டிடும். யாரு கணக்குப் போட்டாங்களோ! மிச்சம் பிடிக்கிறதை மட்டும் போடுன்னு சொல்லி வச்சேன்.

டோக்கனோட உட்கார்ந்திருந்தப்ப எங்க ஊர் அக்கா ஞாபகம். உக்ரைனில் மெடிசின் படிச்சுக்கிட்டு இருந்தவங்க, 2022-ல் போர் ஆரம்பிச்சதும் திரும்பி வந்துட்டாங்க. ஜெர்மனிக்குப் போன அவங்க கிளாஸ்மேட்ஸ் முதலில் தேடினது சிம் கார்டு, அடுத்தது பேங்க் அக்கவுன்ட்டாம். கையில் இருந்த ஹ்ரிவ்னியா நோட்டை மாத்தவே அல்லாட்டம். ஆளுக்கு 10,000 ஹ்ரிவ்னியா வரைக்கும் மாத்திக் கொடுங்கன்னு அந்த ஏப்ரலில் ஐரோப்பிய யூனியன் தன் நாடுகளுக்குச் சிபாரிசு பண்ணுச்சு. ஆனா நிலையான முகவரி இல்லாதவங்களுக்கும், அடைக்கலம் கேட்டு வந்தவங்களுக்கும்கூட அடிப்படைக் கணக்கு தரணும்னு 2014-லேயே அங்கே சட்டம் வந்தாச்சு. இங்கேயும், வெளிநாட்டில் இருந்து படிக்க வர்றவங்க பாஸ்போர்ட், விசா, அட்மிஷன் லெட்டரோட கணக்கு தொடங்கிட்டு, உள்ளூர் அட்ரஸை 30 நாளுக்குள்ள கொடுத்தா போதும்.

"சார், நம்பர் 27!"

நம்ம ஆள் எழுந்த வேகத்தில் செருப்பு கழண்டுடுச்சு. கையெழுத்துப் போடச் சொன்னா கை நடுங்குது. மேடம், "மெதுவா போடுப்பா, பஸ்ஸா பிடிக்கப் போற?"ன்னாங்க. முதல் டெபாசிட் 500 ரூபாய். பாஸ்புக் பிரின்டர் கர்ருன்னு கத்தி முடிக்கிற வரை மூச்சே விடலை.

வெளியே வந்ததும் கால் கிலோ பன்னீர் திராட்சை வாங்கிக் கொடுத்தான். பிரெஞ்சு பாதிரியார் ஒருத்தர் 1832-ல் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்ததா சொல்ற பழம், 2023-ல் கம்பம் பேரிலேயே புவிசார் குறியீடு வாங்கிடுச்சு. அதைச் சொன்னேன். அவன் காதில் விழுந்த மாதிரி தெரியலை. போனில் அம்மாகிட்ட அக்கவுன்ட் நம்பரை ஒவ்வொண்ணா வாசிச்சுக்கிட்டு இருந்தான். கம்பம்மெட்டு ஜீப் ஹாரன் அடிச்சதும் பாஸ்புக்கை திராட்சை வாங்கின கவரிலேயே சுத்தி சட்டைக்குள்ள போட்டுக்கிட்டு ஓடினான். திராட்சை மொத்தமும் என் கையில்!