குவார்ட்டர்ஸுக்கு ஒரு பாம்பு பார்சல்!

ஊருக்குப் பேர் வைப்பதில் நம் ஆட்கள் கில்லாடிகள். புளியமரம் இருந்தால் புளியந்தோப்பு. குன்றுக்குக் கழுகு வந்தால் திருக்கழுக்குன்றம். அணுசக்தித் துறை ஊழியர்கள் குடியிருந்தால்? அணுபுரம்!

கல்பாக்கத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவில், வரிசை குவார்ட்டர்ஸும் மரநிழலுமாக இருக்கிறது ஊர். பகல் பதினோரு மணிக்குத் தெருவில் நின்று தும்மினால் நாலு வீட்டு ஜன்னல் திறக்கும். அவ்வளவு அமைதி. இந்த அமைதிதான் சித்தி மகனின் மண்டைக்குள் பாம்பை விட்டிருக்கிறது.

"அண்ணா, கார்ன் ஸ்நேக் ஒரு ஜோடி வாங்கலாம்னு இருக்கேன்."

"எதுக்குடா?"

"ஆரஞ்சு கலர்ல அட்டகாசமா இருக்கும். விஷமே கிடையாது. பழகிடுச்சுன்னா கையிலயே சுத்திக்கும். முட்டை போட்டா குட்டியை வித்து பைக் டியூவைக் கட்டிடலாம்ல?"

சித்தி காபி டம்ளரை டக்கென்று வைத்துவிட்டு, "ஒண்ணு அது இந்த வீட்ல இருக்கணும், இல்லே நான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்குள் இவ்வளவு பெரிய வழக்கு ஓடும்போது, தீர்ப்புச் சொல்லத் தகுந்த இடம் பக்கத்திலேயே இருக்கிறதே என்று ஞாயிற்றுக்கிழமை அவனைக் கிளப்பினேன். மகாபலிபுரம் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி.

போகிற வழியில் அவனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கார்ன் ஸ்நேக் அமெரிக்காவின் தென்கிழக்குப் பக்கத்துப் பாம்பு. நம்ம சாரைக்குத் தூரத்து உறவு. மூன்றடியிலிருந்து ஐந்தடி வரை வளரும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து, இருபது வருடம் இருக்கும். அதாவது, இவனுக்குக் கல்யாணமாகி, பிள்ளை பத்தாவது எழுதும்போதும் பாம்பு மூலையில் இருக்கும். பெண் பார்க்கப் போகிற இடத்தில் இதை எப்போது சொல்வது?

இருக்க, மூடி பூட்டிய கண்ணாடித் தொட்டி வேண்டும். பூட்டு முக்கியம். விரல் நுழைகிற இடுக்கில் பாம்பு நுழைந்துவிடும். தொட்டியின் ஒரு பக்கம் 29, 30 டிகிரி சூடு, மறுபக்கம் 25 டிகிரி குளுமை. ஒளிந்துகொள்ள இரண்டு பக்கமும் இருட்டுப் பொந்து. முங்கிக் கிடக்கத் தண்ணீர்க் கிண்ணம். குளிர்தேசத்துக்காரன் சூட்டுக்குக் கரண்ட் செலவழிக்கிறான். செங்கல்பட்டு மாவட்டத்து மே மாதத்தில் இவன் குளுமைக்குச் செலவழிக்க வேண்டும். பாம்புக்கு ஏ.சி. ரூம், சித்திக்கு மின்விசிறி!

இனப்பெருக்கம்? வளர்ப்பவர்கள் பலர் குளிர்காலத்தில் இரண்டு மூன்று மாதம் பட்டினி போட்டு, பதினைந்து டிகிரிக்குக் கீழே குளிரில் தூங்க வைக்கிறார்கள். வசந்தத்தில்தான் ஜோடி சேர்ப்பு. நம்ம மார்கழி கோலம் போடத்தான் குளிரும், இதற்குப் போதாது. அதையும் சமாளித்தால், பத்திலிருந்து முப்பது முட்டை வரை. ஈரமான பொருளில் வைத்து, 28 டிகிரியில் காத்தால், ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பொரியும்.

"இருபது குட்டின்னு வெச்சுக்கோ. ஒண்ணையொண்ணு முழுங்கிடக் கூடாதுன்னு தனித்தனி டப்பா. வாரம் ஒண்ணுன்னா மாசத்துக்கு எண்பது எலிக்குஞ்சு. எங்கே வைப்பே?"

"ஃப்ரீஸர்ல..." என்றவன், இட்லி மாவுப் பாத்திரம் நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டான்.

வடநெம்மேலியில் 1976-ல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கிய முதலைப் பண்ணையைத்தான் எல்லோருக்கும் தெரியும். அந்த வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம். பிறந்த வருடம் 1978.

அதற்கு முன்னால் இருளர்கள் பாம்பைப் பிடித்துத் தோலுக்காக விற்றார்கள். நம்ம சாரையும் நல்ல பாம்பும் வெளிநாட்டில் செருப்பாகவும் கைப்பையாகவும் நடந்தன. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் தோல் ஏற்றுமதியும் நின்றது. தலைமுறையாகத் தெரிந்த ஒரே வித்தை ராத்திரியோடு ராத்திரியாகக் குற்றமாகிவிட்டது. 'பாம்பைக் கொல்ல வேண்டாம், விஷத்தை மட்டும் எடுப்போம்' என்று பிறந்ததுதான் இந்தச் சங்கம்.

சட்ட அனுமதியோடு இவர்கள் பிடிப்பது நாலே வகை. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன். குழிக்குள் இறங்கிப் பார்த்தோம். வரிசை வரிசையாக மண்பானைகள். பாதிக்கு மணல். வாயில் துணி கட்டி இறுக்கியிருக்கிறது. துணிக்குக் கீழே ஆள் இருக்கிறார்!

பானையைப் பார்த்து நின்றுவிட்டான் தம்பி. இருட்டு இருக்கிறது, குளுமை இருக்கிறது, உடம்பைச் சுருட்டி ஒட்டிக்கொள்ள வளைவு இருக்கிறது, தப்ப வழியில்லை. தொட்டி, தெர்மோஸ்டாட், பொந்து என்று நாங்கள் வழியெல்லாம் போட்ட பட்டியலை ஒரு குயவர் முடித்துக் கொடுத்திருக்கிறார்.

ஊழியர் ஒருவர் வளைந்த கம்பியால் கண்ணாடி விரியனைத் தூக்கி வெளியே வைத்தார். தலையை லாகவமாகப் பிடித்து, கண்ணாடிக் குடுவையின் வாயில் கடிக்க வைத்தார். மஞ்சளாக இரண்டு சொட்டு. அவ்வளவுதான்! வாரம் ஒரு தடவை வீதம் நாலு தடவை எடுப்பார்கள். பிறகு, அடிவயிற்றுச் செதிலில் ஒரு சின்ன வெட்டு அடையாளம் போட்டுக் காட்டில் விட்டுவிடுவார்கள். மறுபடி சிக்கினால், 'இவர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்' என்று தெரியும்.

அந்தச் சொட்டுகள் பொடியாகி, மருந்துக் கம்பெனிக்குப் போய், குதிரை உடம்பில் ஏறி, கடைசியில் விஷமுறிவு ஊசியாகின்றன. 2000-லிருந்து 2019 வரை பாம்புக்கடியில் இந்தியாவில் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது.

"சார், வீட்ல வளர்க்கலாமா?" என்று தம்பி கேட்டே விட்டான்.

ஊழியர் சிரித்தார். "நாங்களே ஒரு மாசம்தான் வெச்சுக்கறோம் தம்பி. அது வீட்டுக்கு அதைத் திருப்பி அனுப்பிடணும்."

திருப்பி அனுப்பாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இதே சங்கத்தில் உண்டு. பர்மா மலைப்பாம்பை ஆசையாக வாங்கிய அமெரிக்கர்கள், அது பெரிதானதும் ஃப்ளோரிடா சதுப்புநிலத்தில் விட்டுவிட்டார்கள். முயலும் மானும் அதன் வயிற்றுக்குள் போயின. 2017-ல் இங்கிருந்து வடிவேல் கோபாலையும் மாசி சடையனையும் வரவழைத்தார்கள். முதல் எட்டு நாளில் பதின்மூன்று பிடித்தார்கள். அதில் ஒன்று பதினாறு அடி! 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ. கார்ன் ஸ்நேக்கின் சொந்த ஊரும் அதே ஃப்ளோரிடாதான். ஆசியப் பாம்பு அங்கே போய்த் தொல்லை, அவர்கள் பாம்பு இங்கே வந்து ஃபேஷன். நல்ல பண்டமாற்று!

அந்தப் பாம்பு வருகிற வழியும் சில சமயம் சரியில்லை. 2023 ஜனவரியில் பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையம் வந்த பெட்டிகளில் மலைப்பாம்புகளோடு கார்ன் ஸ்நேக்கும் மாட்டியது. அதே ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியிடம் 22 பாம்புகள். முறையான இறக்குமதிக் காகிதம் காட்டாதவரிடம் வாங்கினால், குட்டியை விற்று டியூ கட்டுவதற்குப் பதில் வக்கீலுக்குக் கட்ட வேண்டிவரும். நம்மூர்ப் பாம்பு என்றால் பேச்சே கிடையாது, சட்டப்படி வளர்க்கக் கூடாது.

பாம்பு ஆசை இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது: வெளியே வளர விடுங்கள். குவார்ட்டர்ஸ் பின்பக்கம் போகிற சாரை ஓசியில் எலி பிடிக்கிறது. தொட்டி வேண்டாம், ஃப்ரீஸர் வேண்டாம். வீட்டுக்குள் வந்துவிட்டால் கம்பைத் தேடாமல் தள்ளி நின்று, கண்ணை எடுக்காமல், வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ போன் போடுங்கள். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் நேரே ஆஸ்பத்திரி.

போகிறவர்களுக்கு: திங்கட்கிழமை முதலைப் பண்ணைக்கு விடுமுறை. விஷம் எடுப்பதைப் பார்க்கத் தனி டிக்கெட். செலவு, இரண்டு பேர் சாப்பிடுகிற டிபனுக்குள் அடங்கிவிடும்.

தம்பி வெளியே வரும்போது இரண்டு மண்பானை வாங்கினான். ஒன்றில் சித்தி குடிதண்ணீர் வைத்திருக்கிறார். இன்னொன்று எதற்கு என்று இதுவரை சொல்லவில்லை. சித்தி தினமும் உள்ளே எட்டிப் பார்க்கிறாராம்!