இராமச்சந்திராபுரத்தில் ஒரு கட்டைவிரல் காமிரா

ஹைதராபாத் மாநகரின் மேற்குக் கோடியில், மும்பைக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் இரு மருங்கிலும் பரந்து கிடப்பது இராமச்சந்திராபுரம். நம் சங்கத்து அன்பர்களுக்கு இவ்வூரை அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. 1960களில் செக்கோஸ்லோவாக்கிய நாட்டின் உதவியோடு கனரக மின்சாதனத் தொழிற்சாலைகள் எழுந்தபோது திருச்சிக்கு ஒன்று கிடைத்தது; இவ்வூருக்கு ஒன்று கிடைத்தது. அங்கே கொதிகலன், இங்கே டர்பைன். இரண்டும் பின்னர் 'பெல்' என்னும் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன. மாற்றல் உத்தரவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திருவெறும்பூரில் ரயிலேறி இங்கு வந்து இறங்கிய குடும்பங்கள் பல. அவர்களைப் பின்பற்றி வந்தவர்களும், வேறு உத்தியோகங்களின் நிமித்தம் வந்தவர்களும் சேர்ந்து இங்கு ஒரு சிறு தமிழகத்தையே உண்டாக்கிவிட்டார்கள்.

ஊரிலிருந்து வரும் உறவினர்கள் கேட்கும் முதற் கேள்வி, "இங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்பதுதான். நாமும் உடனே அவர்களைச் சார்மினாருக்கும் கோல்கொண்டாவுக்கும் அழைத்துக்கொண்டு போய்விடுகிறோம். இராமச்சந்திராபுரத்தைக் காட்டுவதே இல்லை. இப்படியிருக்க, சில காலமாக இங்குள்ள நம் வீட்டுப் பிள்ளைகள் ஒரு விசித்திரமான வேலையில் ஈடுபட்டிருக்கிறார்கள். கட்டைவிரல் அளவே உள்ள ஒரு காமிராவைச் சாவிக் கொத்தில் கோத்துக்கொண்டு, பார்க்க ஒன்றுமில்லை என்று நாம் சொல்லும் இதே ஊரைப் படம் பிடித்துத் திரிகிறார்கள்.

இவ்வகைக் காமிராக்கள் பல பெயர்களில் வருகின்றன. அவற்றுள் மிகவும் பேசப்படுவது 2025 செப்டம்பரில் வெளிவந்த 'கோடக் சார்மேரா'. கோடக் என்னும் பழம் பெயரை உரிமம் பெற்று, ஹாங்காங்கைச் சேர்ந்த 'ரெட்டோ' என்ற நிறுவனம் இதனைச் செய்கிறது. நீளம் 58 மில்லிமீட்டர். எடை 30 கிராம். 1987இல் கோடக் வெளியிட்ட 'பிளிங்' என்னும், ஒரு முறை பயன்படுத்திவிட்டு எறியும் பிலிம் காமிராவின் மஞ்சளும் சிவப்புமான கோலத்தை இதற்கும் அணிவித்திருக்கிறார்கள். படத்தின் அகலம் 1440 புள்ளிகள், உயரம் 1080 புள்ளிகள். மொத்தம் பதினாறு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இன்று சாதாரணக் கைப்பேசியே ஐந்து கோடிப் புள்ளிகள் என்று விளம்பரம் செய்யும்போது இது பரம ஏழைதான். வெளியிட்டபோது விலை முப்பது டாலர் என்றார்கள். நம் நாட்டில் கைமாறி வரும்போது அதற்கு மேலும் ஆகிறது.

கோடக்கின் பழைய கதை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1975இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில், அந்நிறுவனத்தின் இளம் பொறியாளரான ஸ்டீவன் சாசன் என்பவர் உலகின் முதல் டிஜிட்டல் காமிராவைச் செய்து காட்டினார். அதன் எடை 3.6 கிலோ. பத்தாயிரம் புள்ளிகள் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிவு செய்ய அதற்கு 23 விநாடிகள் ஆயின. பிலிம் வியாபாரத்தில் கொழுத்திருந்த அந்நிறுவனம் தன் வீட்டில் பிறந்த இக்குழந்தையை நெடுங்காலம் சீராட்டவில்லை. 2012இல் திவால் மனுச் செய்ய நேர்ந்தது. நம் நீலகிரியிலும் இக்கதையின் ஒரு கிளை உண்டு. உதகமண்டலத்தில் 1967 முதல் 'இந்து' என்ற வணிகப் பெயருடன் பிலிம் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை, பிலிமுக்கு மவுசு குன்றியதும் நலிந்து, 2010களில் மூடப்பட்டது. அந்தப் பிலிம் காலத்தின் வேஷத்தைத்தான் இன்று டிஜிட்டல் கருவி போட்டுக்கொண்டு வருகிறது!

ஹைதராபாத்துக்கும் புகைப்படக் கலைக்கும் உள்ள உறவு மிகப் பழையது. ஆறாம் நிஜாம் மகபூப் அலி கானின் ஆஸ்தானப் புகைப்படக்காரராக விளங்கிய ராஜா தீன தயாள், 1880களில் செகந்திராபாத்தில் தமது நிலையத்தை அமைத்தார். அவர் இந்தூரில் பொதுப்பணித் துறையில் எஸ்டிமேட் போடும் உத்தியோகத்தில் இருந்து, இக்கலையின் மீதுள்ள மோகத்தால் மேலே வந்தவர். என்னைப் போன்ற குமாஸ்தாக்கள் இதை நினைத்துச் சற்றே பெருமைப்பட்டுக் கொள்ளலாம். கனமான மரக் காமிராவையும் கண்ணாடித் தகடுகளையும் ஆட்கள் சுமந்து வர, அவர் அரண்மனைகளையும் வேட்டைகளையும் படம் பிடித்தார். அன்று படத்தில் இடம் பெறுவதற்கு ஒருவர் நவாபாகவோ, துரையாகவோ இருக்க வேண்டியிருந்தது.

நிற்க. இக்குட்டிக் காமிராவில் அப்படி என்ன கவர்ச்சி இருக்கிறது? இக்கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது, திருச்சியிலிருந்து 1970களின் தொடக்கத்தில் இங்கு மாற்றலாகி வந்த ஒரு பெரியவரின் ஆல்பத்தில். கறுப்புக் காகிதத் தாள்கள். இடையிடையே எண்ணெய்க் காகிதம் போன்ற மெல்லிய திரை. நான்கு மூலைகளிலும் ஒட்டுத் துண்டுகள். படங்கள் அனைத்தும் பரோடாவில் தயாரான அக்பா கிளிக் காமிராவில் எடுக்கப்பட்டவை. "தம்பி, ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம். பொங்கலுக்கு ஒன்று, குழந்தை பிறந்ததற்கு இரண்டு என்று கணக்குப் பார்த்து எடுப்போம்" என்றார். ஒரு படத்தில் அவருடைய மனைவியார் புதிதாகக் குடிபுகுந்த குவார்ட்டர்ஸின் வாசலில் கோலமிட்டுக் கொண்டிருக்கிறார். முகம் தெளிவாக இல்லை. கதவிலே எழுதிய எண் மட்டும் நன்றாகத் தெரிகிறது. பெரியவர் அந்த எண்ணை விரலால் தொட்டு, "இந்த வீட்டில் இருபத்தெட்டு வருஷம் இருந்தோம்" என்றார்.

ஓய்வு பெற்றதும் அவர் அவ்வீட்டின் சாவியை ஒப்படைத்தாக வேண்டும்; ஒப்படைத்தார். குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் எவருக்கும், ரயில்வேக்காரனாகிய எனக்கும், இதுவே விதி. பிள்ளைகள் பிறந்து, நடை பழகி, பள்ளிக்குப் போன வீடு நமதல்ல. நாம் வைத்து வளர்த்த கறிவேப்பிலையும் நமதல்ல. சொந்த ஊரில் உள்ள வீட்டிலோ அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள். வந்தேறிய குடும்பத்துக்கு இந்த மண்ணில் வாழ்ந்ததற்கான பட்டா ஏது? அந்த ஆல்பம் ஒன்றுதான்.

அதே பெரியவரின் பேரனுடைய கைப்பேசியில் பதினோராயிரம் படங்கள் இருக்கின்றன. தாத்தாவின் இப்போதைய அறையைக் காட்டும் படம் ஒன்று வேண்டும் என்று கேட்டேன். கால் மணி நேரம் தேடினான், அகப்படவில்லை. இடையில் மூன்று செய்திகள் வந்தன. இரண்டுக்குப் பதில் எழுதினான். பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. கைப்பேசி என்பது தபால் ஆபீசும் சினிமாக் கொட்டகையும் பாங்கும் கடைத்தெருவும் ஒன்றாகக் கூடிய இடம். அங்கே படம் எடுக்கப் போனவன் வேறு காரியத்தில் இறங்காமல் திரும்புவது அரிது. மேலும், அது பல படங்களைக் கணத்தில் எடுத்துக் கலந்து, நிழலை வெளுத்து, முகத்துச் சுருக்கத்தை மழுப்பி, தன் அபிப்பிராயத்தையும் சேர்த்தே நமக்குத் தருகிறது.

அந்தப் பையன் இப்போது இக்குட்டிக் காமிரா ஒன்றை வாங்கியிருக்கிறான். இதற்குப் படம் எடுப்பதைத் தவிர வேறு வேலை தெரியாது. பின்புறத்துத் திரை நகத்தளவே இருப்பதால், எடுத்ததைப் பார்த்து ரசித்துக்கொண்டு நிற்கவும் முடியாது. தலை நிமிர்ந்து ஊரைத்தான் பார்த்தாக வேண்டும். எதிரில் இருப்பவரும் இதனை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. பெரிய காமிராவைக் கண்டால் விறைத்துக்கொள்ளும் பாட்டிமார் இதைக் கண்டு, "இது என்னடா தீப்பெட்டி?" என்று சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு அப்படியே பதிவாகிவிடுகிறது. பிலிம் காலத்தைக் கண்டறியாத பிள்ளைகளுக்கு, மூலையில் தேதி பொறித்த, சற்றே மங்கிய படத்தின் மேல் ஓர் ஏக்கம் இருக்கிறது. அதை நாகரிகப் பித்து என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆயினும் இதன் குறைகளை மறைப்பது நியாயமாகாது. வெளிச்சம் குறைந்தால் படம் சேறாகிவிடும். ஓடும் குழந்தை புகையாகத் தெரியும். தூரத்துப் பொருளை அருகில் கொண்டுவர வழியில்லை. அமீன்பூர் ஏரிக்கு ஒரு நாள் எடுத்துச் சென்றேன். 2016இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட நீர்நிலை அது. குளிர்காலத்தில் பூநாரைகளும் வந்து இறங்கும். நான் எடுத்த படத்தில் பறவைகள் எல்லாம் வெள்ளைப் புள்ளிகள். ஏரியின் அமைதி மட்டும் நன்றாக விழுந்திருந்தது. கல்யாண வீட்டுக்கு இதை நம்பிப் போவது விவேகமன்று. இன்னொன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. ஏழு வகைக் கோலங்களில் எது உள்ளே இருக்கிறது என்று தெரியாதபடி மூடிய பெட்டியில் வைத்து விற்கிறார்கள். இது பண்டம் விற்பதா, லாட்டரிச் சீட்டு விற்பதா? விரும்பிய நிறம் வரவில்லை என்று பிள்ளைகள் இரண்டாவது பெட்டிக்கு அடம் பிடித்தால், பெற்றோர் உறுதியாக இருத்தல் நலம்.

இதை எடுத்துக்கொண்டு எங்கே போகலாம்? காலை ஏழு மணிக்கு டவுன்ஷிப் சாலைகளில் போகலாம். மரங்கள் இருபுறமும் கவிந்து, சைக்கிளில் போவோர் மேல் வெயில் பொத்தல் பொத்தலாக விழும். பீரம்குடா குன்றின் மீது பிரமராம்பா சமேத மல்லிகார்ஜுன சுவாமி கோயில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால், வளர்ந்துகொண்டே வரும் அடுக்கு மாளிகைகளுக்கு நடுவே தக்காணத்தின் பழம் பாறைகள் ஒன்றன் மேல் ஒன்றாக நிற்பதைக் காணலாம். அவற்றின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள் என்கிறார்கள். மனை போடுவதற்காக அவற்றை உடைத்துத் தள்ளுகிறார்கள். இன்று இருக்கும் பாறை வரும் வருஷம் இருக்குமென்று சொல்வதற்கில்லை. லிங்கம்பள்ளி நிலையமும் அழகுதான். 1874இல் நிஜாமின் ரயில்வே வாடியிலிருந்து செகந்திராபாத்துக்கு இட்ட பாதை அது. ஆனால் பிளாட்பாரத்தைவிட்டு இறங்கித் தண்டவாளத்தின் மேல் நின்று படம் எடுக்கும் வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவு அத்துமீறி நுழைவோருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. சட்டத்தைவிட ரயில் கடுமையானது. தொழிற்சாலை வாயிற்புறத்திலும் கருவியை நீட்டாதிருப்பதே முறை.

ஊரைவிட வீட்டையே அதிகம் எடுங்கள் என்பது என் வேண்டுகோள். கதவு எண், குழாயடி, துளசி மாடம், பள்ளி வண்டிக்காகப் பிள்ளைகள் காத்து நிற்கும் திருப்பம், தமிழ்ப் பத்திரிகை கொண்டுவரும் கடைக்காரர், அடுத்த வீட்டுத் தெலுங்கு அம்மாள் ஆவக்காய் ஊறுகாய் நீட்டும் மதிற்சுவர். இவை சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாளுக்குப் பிறகு நமக்குக் கிட்டாதவை.

எடுத்தவற்றை அட்டையிலேயே விட்டுவிடக் கூடாது. மைக்ரோ எஸ்.டி. அட்டையைத் தனியே வாங்க வேண்டும். அது ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகவும் கூடும். 1440 புள்ளி அகலமுள்ள படத்தை அங்குலத்துக்கு 240 புள்ளி வீதம் அச்சிட்டால் ஆறு அங்குலம் வரும். உயரத்தில் அரை அங்குலத்தை வெட்டினால் சரியான அஞ்சலட்டை அளவாகிவிடும். அதற்கு மேல் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத் தெரியும். மாதத்துக்குப் பன்னிரண்டு படங்களைப் பொறுக்கி ஸ்டுடியோவில் கொடுத்தால், மாலைக்குள் கிடைத்துவிடுகின்றன. காமிராவில் தேதியை முதலிலேயே சரியாக வைத்துக்கொள்ளுங்கள். பின்புறத்தில் குவார்ட்டர்ஸ் எண்ணையும், படத்தில் இருப்பவர்கள் பெயரையும் பென்சிலால் தமிழில் எழுதி, ஒரு பிரதியை ஊரிலிருக்கும் பாட்டிக்குத் தபாலில் அனுப்பிவிடுங்கள். கைப்பேசித் திரை அவர்கள் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை.