ஆடி முடிச்சப்புறம்?

'மில்லியன் டாலர் ஆர்ம்' என்று ஒரு ஹாலிவுட் படம். 2014-ல் வந்தது. இசை நம்ம ஏ.ஆர்.ரஹ்மான். நீங்கள் பார்த்திருக்கலாம்.

உத்தரப்பிரதேசத்துக் கிராமங்களிலிருந்து ரிங்கு சிங், தினேஷ் படேல் என்று இரண்டு பையன்கள். இருவரும் ஈட்டி எறிகிறவர்கள். பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாது. 2008-ல் நடந்த ஒரு டி.வி. போட்டியில் வேகமாகப் பந்து வீசிக் காட்டி, அமெரிக்கா போய், அதே வருடம் நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தமும் போட்டுவிடுகிறார்கள். லாரி டிரைவர் மகனுக்கு அமெரிக்க கான்ட்ராக்ட்! கைதட்டல், கண்ணீர், சுபம்.

எனக்கென்னவோ அந்த 'சுபம்' போட்ட இடத்திலிருந்துதான் கதையே ஆரம்பிக்கிறது என்று தோன்றும்.

ஒப்பந்தம் போட்டதும் டி.வி.யில் காட்டுகிற பெரிய லீகில் இறக்கிவிட மாட்டார்கள். கீழே 'மைனர் லீக்' என்று ஒரு நீள ஏணி இருக்கிறது. ரூக்கி, சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ... இத்தனையும் ஏறினால்தான் மொட்டை மாடி. தினேஷை 2010 முடிவிலேயே அனுப்பிவிட்டார்கள். அவர் ஊர் திரும்பினார். ரிங்கு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். 2011-ல் வெஸ்ட் வர்ஜீனியா பவர் என்கிற சிங்கிள் ஏ அணி வரை வந்தார். டபுள் ஏ படியைக் கடைசிவரை தொடவில்லை. வீசுகிற கையின் முழங்கையில் ஆபரேஷன் வேறு. 2018-ல் அவர் போய்ச் சேர்ந்த இடம், மல்யுத்த நிகழ்ச்சி நடத்துகிற டபிள்யு.டபிள்யு.இ!

அந்த ஏணியில் சம்பளம் எவ்வளவு தெரியுமா? 2022 வரை சிங்கிள் ஏ வீரருக்குக் குறைந்தபட்சம் வருடத்துக்குச் சுமார் 11,000 டாலர். மேலே, பெரிய லீகில், 2023-ல் குறைந்தபட்சமே 7,20,000 டாலர். கீழே இருப்பவர்கள் ஒரே வீட்டில் நாலைந்து பேராகப் படுத்துக்கொண்டு, ஆட்டம் இல்லாத மாதங்களில் கிடைத்த வேலையைப் பார்த்தார்கள். 2014-ல் ஆரன் சென் என்ற முன்னாள் வீரரும் சிலரும் கோர்ட்டுக்குப் போனார்கள். 2022-ல் 18.5 கோடி டாலருக்கு சமரசம் ஆனது. சங்கமும் வந்தது. 2023-ல் சிங்கிள் ஏ சம்பளம் 26,200 டாலராக உயர்ந்தது.

ஐஸ் ஹாக்கியிலும் இதே ஏணிதான். கனடாவில் பிறந்த ராபின் பாவா, அந்த விளையாட்டின் உச்சமான என்.ஹெச்.எல்.லில் ஆடிய முதல் இந்திய வம்சாவளிக்காரர். 1989-ல் நுழைந்தார். மொத்தம் நாலு அணிகளுக்காக அங்கே ஆடியது 61 ஆட்டங்கள். பத்து வருடத்துக்கு மேற்பட்ட தொழில் வாழ்க்கையில் மிச்சமெல்லாம் கீழ் லீகுகளில்தான். சரித்திரத்தில் பேர் இருக்கிறது. ஆனால், பிழைப்பு நடந்தது படிக்கட்டில்.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் ஒரு அப்பா.

திருப்பத்தூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறினால் புதூர்நாடு. சாமை விளைகிற ஊர். அங்கே ஒரு மைதானத்தில் பையன்கள் கபடி ஆடிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பொடியன்... பாடிக்கொண்டு போகிறான், தொடுகிறான், மீன் மாதிரி நழுவி வந்துவிடுகிறான். கீழே யாரோ ஒரு பயிற்சியாளர், விடுதியில் வைத்துத் தயார் செய்கிறேன் என்று கேட்டிருக்கிறாராம். பக்கத்தில் நின்ற அவன் அப்பாவிடம், "அனுப்புங்க, பெரிய ஆளா வருவான்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஆடறது நல்லா ஆடறான் சார். ஆடி முடிச்சப்புறம் என்னா பண்ணுவான்?" என்றார்.

அவநம்பிக்கையில் கேட்ட கேள்வி இல்லை அது. உடம்பை நம்பிப் பிழைப்பது என்றால் என்னவென்று அந்த மலைக்குத் தெரியும். கேரளா, கர்நாடகா என்று கூலி வேலைக்கு இறங்கிப் போகிறவர்கள் அவர்கள். 2015 ஏப்ரலில் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. 'கூட வா, காசு வரும்' என்கிற குரலை அங்கே சும்மா நம்பிவிட மாட்டார்கள்.

நான் படித்தது பி.காம். அதில் 'தேய்மானம்' என்று ஒரு பாடம். பத்து வருடம் உழைக்கிற மெஷினை வாங்கினால், அதன் மதிப்பில் ஒரு பங்கை வருடா வருடம் கழித்து எழுத வேண்டும். மெஷின் ஓயும்போது முதலாளி திகைத்து நிற்கக் கூடாது என்பதற்காக. விளையாட்டு வீரனின் முட்டியும் பத்து வருட மெஷின்தான். ஆனால், அதற்குத் தேய்மானம் எழுத யாருடைய கணக்குப் புத்தகத்திலும் இடம் இல்லை. ஓய்ந்த முட்டி அவனோடு வீட்டுக்கு வந்துவிடுகிறது.

நம்ம ஊர் கணக்கைப் பாருங்கள். ப்ரோ கபடி லீக் 2014-ல் ஆரம்பித்தது. 2017-ல் தமிழ் தலைவாஸ் வந்தது. மொத்தம் 12 அணிகள். அணிக்கு 25 பேர் என்று வைத்துக்கொண்டாலும் 300 பேர். நாடு முழுக்க! மற்றவர்களுக்குத் திருவிழா டோர்னமென்ட்தான். ராத்திரி முழுக்க டியூப்லைட் வெளிச்சத்தில் ஆட்டம். கோப்பை, கொஞ்சம் பணம், விடிந்ததும் பஸ்.

நல்லவேளையாக, அமெரிக்க ஏணியில் இல்லாத ஒரு படி நம்மிடம் இருக்கிறது. வேலை! ரயில்வே, போலீஸ், ராணுவம் என்று காலம்காலமாக விளையாட்டுக்காரர்களை எடுத்துக்கொள்கிறார்கள். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித இடஒதுக்கீடும் உண்டு. முட்டி ஓய்ந்தாலும் முதல் தேதி சம்பளம் வரும். ஆனால், அந்தப் படியில் கால் வைக்க இரண்டு காகிதம் வேண்டும். ஒன்று, செல்லுபடியாகிற போட்டியின் சான்றிதழ். இன்னொன்று, படிப்பு சர்டிஃபிகேட். திருவிழாக் கோப்பைகளை அலமாரி நிறைய அடுக்கினாலும் அங்கே எடுபடாது.

அதனால், உங்கள் வீட்டுப் பிள்ளையோ, உங்கள் தெருப் பிள்ளையோ நன்றாக ஆடுகிறான், ஆடுகிறாள் என்று யாராவது கூப்பிட வந்தால், விரட்டிவிடாதீர்கள். உட்காரவைத்து, காபி கொடுத்து, மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள். அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது? ஆடப்போகிற போட்டிகளின் சான்றிதழ் வேலைக்குச் செல்லுமா? பள்ளிக்கூடம் போக நேரம் கொடுப்பீர்களா?

மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் தைரியமாக அனுப்புங்கள். கைதட்ட நாங்கள் எல்லாரும் வருகிறோம்.